சில்வர் பெயின்ட் அடிச்சு வித்தா அது எந்த வண்டி கியர்பாக்ஸ்னு எவனுக்குத் தெரியும்?

பழைய கியர்பாக்ஸ் விக்குறவன்கிட்ட திரும்பவும் அதே சில்வர் பெயின்ட்! மேல்மூடி, போல்ட் தலை, ஆயில் பிளக், காத்து போக வர்ற பிரீதர் ஓட்டை, கூட்டுலயே வார்த்த காஸ்டிங் நம்பர், எல்லாத்து மேலயும் ஒரே பூச்சு. எந்த வண்டியோடதுன்னு கேட்டா, "அம்பாசடர் பாக்ஸ்ணே, அப்படியே உக்காந்துரும்."

எந்த அம்பாசடர் அப்பு? 2014 வரைக்கும் அரை நூற்றாண்டுக்கு மேல ஓடுன பேரு அது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்த 1489 சிசி இன்ஜினுக்கு நாலு கியர், ஸ்டியரிங் தண்டுல லீவர். இசுசு 1.8 வந்தப்புறம் அஞ்சு கியர், தரையில லீவர். நடுவுல டீசல் வேற. வெறும் "அம்பாசடர்"ங்கிற பேரை வச்சு ஒரு போல்ட்டைக்கூட முடுக்க முடியாது.

கீழக்கரைப் பக்கம் ஒரு ஷெட்டுல 1489 வண்டி பாக்ஸ் இல்லாம நிக்குது. அதுக்கு ஒருத்தன் "நாலு கியர்தான், சத்தியமா"ன்னு சொல்லி வெளியூர்லருந்து பார்சல் லாரியில அனுப்பி வச்சான். இறக்கி, ஒவ்வொரு கியரா போட்டு, இன்ஜின் பக்கத்து இன்புட் ஷாஃப்டைக் கையால சுத்திப் பார்த்தா, ஒரு கியர்ல சக்கரத்துப் பக்கத்து அவுட்புட் இன்புட்டை முந்துது. போன் போட்டா, "அது ரிவர்ஸா இருக்கும்ணே"ங்குறான். ரிவர்ஸ்னா அவுட்புட் எதிர்ப்பக்கம்ல சுத்தணும்? இது அதே பக்கம் சுத்துது, அதுவும் வேகமா. அப்ப அது அஞ்சாவது கியர், ஓவர் டிரைவ். வித்தவனுக்கு அது ரிவர்ஸ்!

சரி, கிளட்ச் பிளேட்டாவது ஏறுதான்னு பார்த்தா, ஷாஃப்ட் மேல இருக்கிற பல் வரிசை, அந்த ஸ்ப்லைன்லயே நிக்குது. "லேசா ராவி விடுங்கண்ணே." ஷாஃப்டோட நுனி, அதாவது பைலட் முனை, இன்ஜின் கிராங்க்ல இருக்கிற புஷ்ஷுக்குள்ள போகல. "முனையைக் கடைசல்ல குடுத்துக் குறைச்சிருங்க." கிளட்ச்சை மூடுற பெல் ஹவுசிங் இன்ஜின் முகத்துல ஒட்டல, ரெண்டு போல்ட் ஓட்டை தள்ளி நிக்குது. "போல்ட்டைப் போட்டு இழுத்தா வந்துரும்ணே." வரும்யா, போல்ட் காது உடைஞ்சு வரும்! ஷாஃப்ட் முனை நீளமா இருந்து போல்ட்டால இழுத்தா அது நேரா கிராங்கை முன்னால தள்ளும். கிராங்க் முன்ன பின்ன நகராம தாங்குற த்ரஸ்ட் பேரிங் போகும். அப்புறம் இன்ஜினையே இறக்கணும். கையால தள்ளும்போதே முகம் முகத்தோட உக்காராத பாக்ஸ் அந்த இன்ஜினுக்கு உரிய பாக்ஸ் இல்ல. இதுல பேச்சுக்கே இடமில்ல.

விக்குறவன் செய்ய வேண்டியது என்ன பெரிய வேலை? காஸ்டிங் நம்பர் இருக்கிற இடத்தை மண்ணெண்ணெயும் பித்தளை பிரஷ்ஷும் போட்டுத் தேய். கிரைண்டர் வைக்காதே. சாக்பீஸைப் படுக்கையா தேய்ச்சு, பக்கவாட்டுல டார்ச் அடிச்சுப் போட்டோ எடு. அந்த நம்பரும் கூட்டைத்தான் சொல்லும், உள்ள இருக்கிற பல்லைச் சொல்லாது. ஒரே கூட்டுக்குள்ள வேற வேற ரேஷியோ, அதாவது அவுட்புட் ஒரு சுத்துக்கு இன்புட் எத்தனை சுத்துங்கிற கணக்கு, இருக்கும். அதனால நம்பரோட நிக்காம ஸ்ப்லைன் பல்லையும் எண்ணு: ஒரு பல்லுல சாக்பீஸ் வச்சுக்கிட்டு எண்ணு, ரெண்டு தரம் எண்ணு. வெர்னியர் வச்சு ஸ்ப்லைன் வெளிவிட்டம், பைலட் முனை விட்டம். பெல் ஹவுசிங் முகத்துலருந்து ஷாஃப்ட் முனை எவ்வளவு உள்ளயோ வெளியவோ நிக்குதுன்னு ஒரு ஸ்கேலைக் குறுக்க வச்சு அள. லீவர் எத்தனை மில்லிமீட்டர் பின்னால, மவுன்ட் எத்தனை பின்னால, ஸ்பீடோ கேபிள் எந்தப் பக்கம். வாங்குறவன் தன் இன்ஜின் முகத்துல சார்ட் பேப்பரை வச்சுத் தட்டி, ஓட்டை அச்சு எடுத்து அனுப்பினா அதுமேல வச்சுப் பாரு. முடிஞ்சது.

ரேஷியோவுக்கும் பெட்டியைப் பிரிக்க வேண்டாம். அவுட்புட்டைப் பத்து சுத்து சுத்தி, இன்புட் எத்தனை சுத்துதுன்னு எண்ணினாப் போதும். ஜீப்போட மூணு கியர் டி-90 பாக்ஸ்ல முதல் கியர் 2.798, பத்துக்கு இருபத்தெட்டு வரும். பின்னால நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் இருந்தா ஹையில போட்டு எண்ணணும்; லோவுல அதோட குறைப்பும் சேர்ந்துக்கும். லோவுல போட்டு எண்ணிட்டு, "ஸ்பெஷல் கியர்ணே"ன்னு கூடுதல் ரூபா கேக்குறவனும் இருக்கான்.

தனுஷ்கோடி மணல்ல ஓடின ஜீப்புக 2017-ல அரிச்சல்முனைக்கு ரோடு வந்தப்புறம் கழிஞ்சிருச்சு. அந்த மாதிரி பழசு எதுலயும் பேர்த்தகடு எதிர்பார்க்க முடியாது. மண்டபம், பாம்பன் காத்துக்குத் தகடும் நிக்காது, ரிவெட்டும் நிக்காது. அலுமினியக் கூட்டுல இரும்பு ஸ்டட் இருந்தா உப்பு ஏறி வெள்ளைப் பொடியா பூத்து இறுகிக்கும். சுத்தியலால அடிச்சா ஸ்டட் முறியும், கூடு கீறும். துரு இளக்குற ஆயில் ஊத்தி ராத்திரி முழுக்க ஊறவிட்டு, கூட்டைச் சுத்திச் சூடு காட்டி, முன்னும் பின்னுமா கொஞ்சம் கொஞ்சமா திருப்பணும். ஆக, இந்தக் கடலோரத்துல பிழைச்சுக் கிடக்கிற ஒரே அடையாளம் கூட்டுலயே வார்த்த நம்பர்தான். அதையும் பெயின்ட் அடிச்சு மூடிட்டு, "புதுசு மாதிரி இருக்குல்ல?"ன்னு கேக்குறான். புதுசா யார் கேட்டா? கறையும் கிரீஸும் அப்படியே இருந்தாத்தான் எந்த சீல்ல ஒழுகுதுன்னு தெரியும். பிரீதரை அடைச்சா சூட்டுல உள்ள அழுத்தம் ஏறி, நல்லா இருக்கிற சீலும் ஒழுகும்.

போதாததுக்கு "ஜிஎல்-5 ஊத்திருக்கேன், ஒசத்தி ஆயில்"னு பெருமை. ஜிஎல்-4, ஜிஎல்-5ங்கிறது கியர் ஆயில் தரம். உள்ள கியர் சத்தமில்லாம விழ வேகத்தை ஒண்ணாக்குற சிங்க்ரோ ரிங் பித்தளை. ஜிஎல்-5ல இருக்கிற கந்தக மருந்து பித்தளையை அரிக்கக்கூடும். ஜிஎல்-4 ஊத்து சாமி!

இத்தனையும் எழுதி, நாலே நாலு அளவு அனுப்புன்னு கேட்டா, பதிலுக்கு வருது ஒரு வாய்ஸ் மெசேஜ். ஆறு நிமிஷம். பின்னால கம்ப்ரசர் ஓடுது, யாரோ டீ சொல்றான், ஹார்ன் அடிக்குது. கடைசி வரைக்கும் ஒரு நம்பர் கிடையாது. ஏன்யா, "22 மில்லிமீட்டர்"னு டைப் பண்ண விரல் வலிக்குதா? யாருய்யா இந்த வாய்ஸ் மெசேஜைக் கண்டுபிடிச்சது?