மணிரத்னத்துக்கு குருவே இல்லையா?

"மணிரத்னம் யாரிடமும் உதவி இயக்குநராக இருந்ததில்லை, அதனால் இளைஞர்களுக்கு குரு தேவையில்லை, யூடியூப் போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி. அதிலிருந்து இழுத்த முடிவுதான் தவறு.

1983இல் வந்த அவருடைய முதல் படம் கன்னடத்தில் எடுத்தது. அதற்கு ஒளிப்பதிவு பாலு மகேந்திரா, படத்தொகுப்பு பி.லெனின், இசை இளையராஜா. பாலு மகேந்திரா அப்போதே இயக்குநராகவும் பெயர் வாங்கியிருந்தார். புது இயக்குநருக்குப் பக்கத்தில் அப்படி ஒருவர் கேமராவோடு நிற்பதை "தனியாகக் கற்றார்" என்று எப்படிச் சொல்வது?

அதே பாலு மகேந்திராவிடம் உதவியாளர்களாக இருந்தவர்கள்தான் பாலாவும் வெற்றிமாறனும். பாலாவிடமிருந்து அமீர், சசிகுமார். இன்னொரு பக்கம் கன்னட இயக்குநர் புட்டண்ணா கணகலிடம் பாரதிராஜா, அவரிடம் பாக்யராஜ், அவரிடம் பார்த்திபன். உதவியாளர்களைச் சிறுகதை படிக்கவைத்துச் சுருக்கி எழுதச் சொல்வது பாலு மகேந்திராவின் வழக்கமாக இருந்தது. எழுதியதைப் பார்த்து "இது கதையே இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்ல யூடியூபில் ஆள் கிடையாது.

குறும்படம் எடுத்து நேராக வந்து ஜெயித்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. சம்பளமே இல்லாமல் வருடக்கணக்கில் உதவியாளர்களை அலையவிடுவதும் நடக்கிறது. அந்தக் கோபம் நியாயம்தான், ஆனால் அது கூலிப் பிரச்சினை. அதற்கு மணிரத்னத்தை ஆதாரமாகக் காட்ட முடியாது.