மனச்சோர்வு மாத்திரை: முதல் பதினைந்து நாட்களைப் பற்றி யாராவது சொல்லித்தர வேண்டும்

மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதிக்கொடுக்கும்போது சொல்லியே ஆகவேண்டிய செய்தி ஒன்று உண்டு. கூட்டம் நெரியும் ஓபியில் பெரும்பாலும் விடுபட்டுப்போவதும் அதுதான். பக்கவிளைவு முதல் நாளே வந்துவிடும், பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முழுப் பலனுக்கு ஆறு, எட்டு வாரம்கூட ஆகலாம். நடுவில் உள்ள நாட்களில் மாத்திரை சாப்பிடுபவருக்குக் கிடைப்பது குமட்டலும் படபடப்பும் மட்டும்தான். இது முன்கூட்டியே தெரியாதவர், "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல" என்று ஐந்தாம் நாள் அட்டையைத் தூக்கி அலமாரியில் போட்டுவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சொல்லாமல் அனுப்பியவர்கள் மீதுதான் வருத்தம்.

நம் ஊரில் இன்று மனச்சோர்வுக்கும் பதற்ற நோய்க்கும் பெரும்பாலும் முதலில் எழுதப்படுபவை எஸ்சிடாலோபிராம், செர்ட்ரலின், ஃப்ளூவாக்ஸெடின் போன்றவை. மூன்றும் ஒரே குடும்பம். ஒரு நரம்பு செல் வெளியிட்ட செரோடோனினை (நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ரசாயனம்) அதே செல் திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுப்பதே இவற்றின் வேலை. அந்தத் தடுப்பு முதல் மாத்திரையிலேயே தொடங்கிவிடும். பிறகு பலன் ஏன் தாமதமாகிறது? செரோடோனின் கூடியவுடன், அதைச் சுரக்கும் செல்லின் மேலேயே உள்ள ஏற்பிகள் அதை உணர்ந்து சுரப்பைக் குறைத்துவிடுகின்றன. அந்த ஏற்பிகள் அடங்கி, சுரப்பு மறுபடி சீராக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். தாமதத்துக்கு இது மட்டுமே காரணம் இல்லை என்றாலும் முக்கியமான காரணமாகக் கருதப்படுகிறது. குடலின் கதை வேறு. உடம்பில் உள்ள செரோடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. அங்கே அதன் வேலை கூடினால் அன்றைக்கே குமட்டும், வயிறு இளகும். மனம் காத்துக்கிடக்கும்போது வயிறு முந்திக்கொள்கிறது.

இதனால்தான் பல டாக்டர்கள் பாதி அளவில் தொடங்குகிறார்கள். எஸ்சிடாலோபிராம் என்றால் ஒரு வாரம் 5 மி.கி., பிறகு 10 மி.கி. செர்ட்ரலின் என்றால் 25 மி.கி.யில் தொடங்கி 50 மி.கி. பேனிக் அட்டாக் வருபவர்களுக்கு இந்தப் படிப்படியான ஏற்றம் மிக முக்கியம். நேரடியாக முழு அளவு கொடுத்தால் முதல் வாரத்தில் படபடப்பு கூடி, எந்த பயத்துக்காக மருந்து கொடுத்தோமோ அதே பயம் மருந்தின் மீதே வந்துவிடும். சீட்டில் "முதல் ஏழு நாள் அரை மாத்திரை" என்று எழுதியிருப்பது மெடிக்கல் ஷாப்பில் கவனிக்கப்படாமல் போவதுண்டு. வாங்கும்போதே அட்டையில் எத்தனை மி.கி. என்று பாருங்கள். 5 மி.கி. கிடைக்காமல் 10 மி.கி. தந்தால் நடுவில் கோடு போட்டதாகக் கேட்டு வாங்குங்கள், சரியாக இரண்டாக உடையும்.

குமட்டல்தான் அதிகம் பேருக்கு வருவது. வெறும் வயிற்றில் போடாமல் சாப்பிட்டவுடன் போட்டாலே பாதி குறையும். காலையில் இரண்டு இட்லி, மதியம் கொஞ்சம் தயிர்சாதம் என்று சிறிது சிறிதாகச் சாப்பிடுங்கள், எண்ணெய்ப் பலகாரத்தை இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். பகல் முழுக்க குமட்டினால் மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பலருக்கு அந்தக் குமட்டல் தூக்கத்திலேயே கழிந்துவிடும். செர்ட்ரலினில் வயிற்றோட்டம் மற்றவற்றைவிட அதிகம், இரண்டு மூன்று முறை போனால் ஓஆர்எஸ் கரைசல் போதும். பெரும்பாலானோருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் வயிறு பழகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. குமட்டுகிறதே என்று கடையில் போய், அமிலத்தைக் குறைக்கும் பாண்டோபிரசோலும் வாந்தியை அடக்கும் டோம்பெரிடோனும் கலந்த கேப்சூலை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். தமிழ்நாட்டில் வயிற்றுக்கு என்றாலே கை அதற்குத்தான் போகிறது. டோம்பெரிடோன், ஈசிஜியில் தெரியும் QT என்ற இதய மின்னோட்ட இடைவெளியை நீட்டக்கூடியது. எஸ்சிடாலோபிராமும் அப்படியே. வயதானவர்கள், இதய நோய் உள்ளவர்கள், பொட்டாசியம் குறைந்தவர்கள் இரண்டையும் சேர்த்தால் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து உண்டு. வாந்திக்குப் போடும் ஆன்டான்செட்ரானுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பாண்டோபிரசோல் தனியாக என்றால் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் குமட்டலுக்கு அது மருந்தும் இல்லை.

தூக்கம் இரண்டு விதமாகவும் கெடும். சிலருக்குக் கண் சொருகும், சிலருக்கு விடியவிடிய விழிப்பு. சொருகினால் இரவில், விழித்தால் காலையில் என்று நேரத்தை மாற்றுவது எளிய தீர்வு. ஃப்ளூவாக்ஸெடின் பெரும்பாலும் காலையில்தான். தெளிவான, நீளமான, சில சமயம் பயமுறுத்தும் கனவுகள் வரலாம். அது நோய் முற்றுவதற்கான அடையாளம் இல்லை. முதல் சில நாள் மாத்திரை உங்களை எப்படி ஆக்குகிறது என்று தெரியும்வரை பைக் ஓட்டாதீர்கள். காபியைக் காலை ஒன்றோடு நிறுத்துங்கள், ஏற்கெனவே நடுங்கும் கைக்கு நான்காவது டம்ளர் நல்லதல்ல. கொட்டாவி, வியர்வை, லேசான தலைவலி, பல்லைக் கடிப்பது எல்லாம் வரும். பெரும்பாலும் குறைந்துவிடும், வியர்வை மட்டும் சிலருக்கு நிலைத்து நிற்கும்.

இப்போது எனக்கு மிகவும் உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். எஸ்சிடாலோபிராமையும், பதற்றத்தை அடக்கித் தூக்கம் தரும் குளோனசெபாமையும் ஒரே மாத்திரையில் சேர்த்து விற்கிறார்கள். 10 மி.கி.யோடு 0.5 மி.கி. என்பது சாதாரணமாகக் கிடைக்கும் அளவு. ஆரம்பப் படபடப்பை அடக்க இரண்டு, நான்கு வாரத்துக்குக் குளோனசெபாம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரே மாத்திரையாகக் கொடுக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதல் இரவே நன்றாகத் தூங்குகிறார். அது குளோனசெபாமின் வேலை. அவரோ, "மனநல மருந்து என்றால் தூக்க மாத்திரைதான்" என்று முடிவு கட்டுகிறார். தூக்கம் வந்துவிட்டது, இனி எதற்கு என்று ஒருவர் நிறுத்துகிறார். தூக்கத்துக்காக வருடக்கணக்கில் அதே சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருக்கிறார் இன்னொருவர். பழக்கமாக்கும் தன்மை குளோனசெபாமுக்குத்தான் உண்டு, எஸ்சிடாலோபிராமுக்கு அந்த விதமான ஏக்கம் கிடையாது. ஒரே மாத்திரைக்குள் இருப்பதால் ஒன்றைக் குறைத்து மற்றொன்றைத் தொடரவும் வழியில்லை. என் கருத்து இதுதான்: இரண்டும் தேவையென்றால் தனித்தனி மாத்திரையாகக் கேளுங்கள், குளோனசெபாமை எந்தத் தேதியிலிருந்து குறைப்பது என்பதையும் முதல் நாளே சீட்டில் எழுதி வாங்குங்கள். உங்கள் அட்டையில் பெயருக்குப் பின்னால் "பிளஸ்" போன்ற ஒட்டு இருந்தால் பின்பக்கம் திருப்பி உள்ளே என்னென்ன இருக்கிறது என்று படியுங்கள். பல மாதமாகச் சாப்பிட்டு வருபவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். குளோனசெபாமைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.

வீட்டில் பெரியவர்களுக்கு இந்த மருந்து தொடங்கியிருந்தால் சோடியத்தை மறக்காதீர்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள், அதிலும் பெண்கள், ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதையசைடு கலந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் என்றால் ரத்தத்தில் சோடியம் இறங்கும் வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான் இது நடக்கும். சோர்வு, தலைவலி, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம், "அம்மா நேத்துல இருந்து என்னமோ மாதிரி பேசுறாங்க" என்பதெல்லாம் இதன் அறிகுறிகள். வயசாகிவிட்டது, மனநோய் முற்றிவிட்டது என்று வீட்டார் அதைத் தவறாகப் படிக்கிறார்கள். சாதாரண லேபிலேயே செய்யும் ரத்தப் பரிசோதனைதான். மருந்து தொடங்குமுன் ஒருமுறை, இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் ஒருமுறை எடுத்துவிடுங்கள். இயல்பான அளவு 135 முதல் 145. அதற்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். 125க்குக் கீழே இறங்கினாலோ, அளவு எதுவானாலும் குழப்பமோ வலிப்போ இருந்தாலோ அன்றைக்கே மருத்துவமனை.

வலி மாத்திரையிலும் கவனம் வேண்டும். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரோஃபென் ஆகியவற்றோடு இந்தக் குடும்ப மருந்துகள் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக் கசிவு வரும் வாய்ப்பு கூடும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் அதை நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் சொல்லி வயிற்றுக்குப் பாதுகாப்பு கேட்க வேண்டும். சாதாரண தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். எலும்பு டாக்டர் எழுதும் டிரமடால், வறட்டு இருமல் சிரப்பில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இரண்டும் செரோடோனினை மேலும் ஏற்றும். மாத்திரை போட்ட பின் கடும் வியர்வை, காய்ச்சல், உடல் விறைப்பு, கால் தானாக உதறுவது, தலைகால் புரியாத பதற்றம் எல்லாம் சேர்ந்து வந்தால் அது அவசர சிகிச்சைப் பிரிவுக்கான விஷயம், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விடக்கூடாது.

பாலுறவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டாக்டர் கேட்பதில்லை, நோயாளி சொல்வதில்லை. ஆசை குறைவது, ஆண்களுக்கு விந்து வெளியேறத் தாமதமாவது, பெண்களுக்கு உச்சம் எட்டாமல் போவது எல்லாம் இந்த மருந்துகளில் மிகச் சாதாரணம். குமட்டல் போல இரண்டு வாரத்தில் போய்விடும் என்று இதற்குச் சொல்ல முடியாது, மருந்து சாப்பிடும் காலம் முழுவதும் இருக்கலாம். மூன்றாவது மாதத்தில் மனம் தேறிய பிறகு பலர் சத்தமில்லாமல் மருந்தை நிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு இது எத்தனை சண்டையையும் தாழ்வுணர்வையும் கொண்டுவரும் என்று யோசித்துப் பாருங்கள். தீர்வு இருக்கிறது. அளவைக் குறைக்கலாம், மிர்டாசபைன், புப்ரோபியான் போன்ற இந்தச் சிக்கல் குறைவாக உள்ள மருந்துக்கு மாற்றலாம். மிர்டாசபைனில் பசியும் எடையும் கூடும், வலிப்பு வரலாறு உள்ளவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது. அதனால் தேர்வு டாக்டரோடு பேசித்தான். அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை, எல்லாம் மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள். அளவு கூடிவிட்டதன் அடையாளமாக அது இருக்கலாம்.

எதைப் பொறுத்துக்கொள்வது, எதைப் பொறுக்கக் கூடாது என்ற கோடு குடும்பத்தாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு இடத்தில் உட்காரவே முடியாமல், உள்ளுக்குள் யாரோ துரத்துவது போல நடந்துகொண்டே இருந்தால் பொறுக்கக் கூடாது. தூக்கமே இல்லாமல் களைப்பும் இல்லாமல், பேச்சு வேகமெடுத்து, கையில் இருக்கும் பணத்தையெல்லாம் செலவழித்தால் அது இருமுனை நோய் (பைபோலார்) வெளிப்படுவதாக இருக்கலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் புதிதாக வந்தாலோ, இருந்தது கூடினாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் சிறார்களுக்கு இந்த எச்சரிக்கையை மருந்தின் தகவல் குறிப்பில் கறுப்புக் கட்டத்துக்குள் அச்சிடச் சொன்னது, 2007இல் 24 வயது வரை நீட்டித்தது. இளைஞர்களுக்கு மருந்தே கூடாது என்று அதற்குப் பொருள் இல்லை. முதல் வாரங்களிலும், அளவை மாற்றும்போதும் கூடவே ஒருவர் இருக்க வேண்டும், மாத்திரை அட்டைகள் வீட்டில் வேறொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதே பொருள். நடு இரவில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஒரு வேளை மறந்துவிட்டால், அன்றைக்கே ஞாபகம் வந்தால் போடுங்கள், மறுநாள்தான் வந்தது என்றால் அன்றைய ஒன்று மட்டும். இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்வதுதான் வழக்கம், முன்பே நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். நிறுத்துவதும் படிப்படியாகத்தான். திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், மண்டைக்குள் ஷாக் அடித்த மாதிரி ஒரு வெட்டு வரலாம். மனச்சோர்வுக்கே தரப்படும் பாராக்ஸெடினிலும் வென்லாஃபாக்ஸினிலும் இது கடுமை, உடம்பில் நீண்ட நாள் தங்கும் ஃப்ளூவாக்ஸெடினில் குறைவு. ஊருக்குப் போகும்போது மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டு மூன்றாம் நாள் தலைசுற்றி, "பார்த்தியா, இதுக்கு அடிமையாயிட்டே" என்று உறவினர் சொல்ல, மருந்தையே வெறுத்துவிடுபவர்கள் உண்டு. அது அடிமைத்தனம் இல்லை, பழகிய மருந்து சட்டென்று இல்லாமல் போனதற்கு உடம்பு காட்டும் எதிர்வினை. பயணப் பையில் முதலில் வைக்கவேண்டியது அந்த அட்டையை.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தத் தேதியில் தொடங்கியது, எந்த அளவு, எத்தனை நாள் தவறியது, எத்தனை மணி நேரத் தூக்கம், எந்தத் தொந்தரவு குறைந்தது, எது இன்னும் நிற்கிறது, பிரஷர், சுகர் மாத்திரைகள், நாட்டு மருந்து ஏதாவது இருந்தால் அதுவும். ஓபியில் கிடைக்கும் சில நிமிடங்களுக்கு அந்தத் தாள் போதும். பாலுறவுச் சிக்கலை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் அதையும் அதே தாளில் எழுதி நீட்டுங்கள், கூட வந்தவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு.