முதல் எழுத்து மட்டும்தான் பாக்கியாம்!

வேர்டில் (Wordle) என்று ஓர் இணைய விளையாட்டு: ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தையைக் கண்டுபிடி, ஆறு வாய்ப்பு. கேட்க எவ்வளவு சுலபம்! ஐ, ஜி, ஹெச், டி நாலும், இடம் சரி என்று காட்டும் பச்சையாக வந்து உட்கார்ந்துவிடும், முதல் எழுத்து ஒன்றுதான் பாக்கி, நாமும் ஜெயித்த மிதப்பில் இருப்போம். அப்புறம்தான் கூத்தே. லைட்டா, நைட்டா, ரைட்டா, ஃபைட்டா, மைட்டா, சைட்டா, டைட்டா? போதாததற்கு எய்ட் வேறு! ஆறு வாய்ப்பில் பாதி ஏற்கெனவே காலி. இதற்குப் பெயர் மூளைக்கு வேலையா, லாட்டரியா? கிடைத்த பச்சையை விடாமல் பிடித்துக்கொண்டே ஆட வேண்டும் என்கிற கடின முறையை ஆன் செய்திருந்தால் முடிந்தது கதை, வேறு வார்த்தை போட்டு எழுத்துகளைக் கழித்துப் பார்க்கவும் வழியில்லை.

அதை விடுங்கள், ஏ, ஈ, ஐ, ஓ, யு ஒன்றுகூட இல்லாத நிம்ஃப், கிரிப்ட் எல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்? மம்மியில் மூன்று எம் என்று எந்த மனிதன் யோசிப்பான்? கலருக்கு யு போட்டே பழகியவனுக்கு அது ஆறெழுத்து. அமெரிக்கக்காரன் அந்த யு-வைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜாலியாக ஐந்து கட்டத்தில் அடைத்துவிடுவான். இந்த லட்சணத்தில், 'இன்று இரண்டே முயற்சி!' என்று விடிந்ததும் விடியாததுமாகக் குரூப்பில் பச்சைக் கட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை என்னதான் செய்வது?