உள் ரேஸை அடிக்காதீங்க சாமி!

பைக் சக்கரத்தோட பேரிங், புத்தம் புதுசு. பக்கத்தை மூடுற ரப்பர் சீல் மேல 6301 2ஆர்எஸ்னு மாடல் எழுத்துகூட அழியல. ஆனா விரலை விட்டுச் சுத்தினா கரகரன்னு மணல் அரைக்குது. வெளிச்சத்துல திருப்பிப் பாத்தா உள் ரேஸ், அதான் ஆக்சில் நுழையுற உள் வளையம், அதோட விளிம்பைச் சுத்தி பளபளன்னு உளித் தழும்பு. ஒண்ணு ரெண்டு இல்லங்க, எண்ணி ஏழு. என்னா கைவேலை!

எப்படி நடந்திருக்கும்னு ஒவ்வொரு அடியா ஓட்டிப் பாருங்க. ஹப், அதான் சக்கரத்தோட நடுக்குடம், அது வாயில பேரிங் வெச்சாச்சு. முதல் அடி: ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் தூக்கிக்கிச்சு. இங்கயே நிறுத்தி நிமித்தி வெச்சிருக்கலாம். ம்ஹூம். ரெண்டாவது அடி தூக்கின பக்கம், மூணாவது மறுபடி இந்தப் பக்கம். சுமோ வீரன் கணக்கா சுத்தியலை ஓங்கி நாலு, அஞ்சு, ஆறு. ஏழாவதுல உக்காந்துருச்சு. பேரிங்கும் செத்துருச்சு.

ஹப்புல இறுகி நிக்க வேண்டியது வெளி வளையமான வெளி ரேஸ். அடி வாங்கினது உள் ரேஸ். நடுவுல மாட்டின பால்ஸ் ஒவ்வொண்ணும் ரேஸைத் தொடுறது ஊசிமுனை அளவு இடத்துல. சுத்தியலோட மொத்த வேகமும் அந்தப் புள்ளி வழியாத்தான் கடக்கணும். பாதையில குழி விழாம என்ன செய்யும்? அப்புறம் ஒவ்வொரு சுத்துலயும் பால் அந்தக் குழியில விழுந்து எழுந்து ஓடுது. அதுதான் அந்தக் கரகரப்பு. இதுக்கு கிரீஸ் போட்டுச் சரிபண்றேங்கறவரைக் கையெடுத்துக் கும்பிடணும்.

6301-க்கு வெளி விட்டம் 37 மி.மீ. அதைவிட மயிரிழை சின்ன சாக்கெட் ஒண்ணு வெச்சா அடி வெளி ரேஸ்ல மட்டும் விழும். சாக்கெட் இல்லையா, கழட்டின பழைய பேரிங்கோட வெளி ரேஸே போதும், ஓரத்தைக் கொஞ்சம் தேய்ச்சுக்கிட்டா ஹப்புல சிக்காது. புது பேரிங்கை ஒரு மணி நேரம் ஃப்ரீசர்ல போட்டு, ஹப்பைக் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடுபண்ணினா பாதி வேலையை அதுவே முடிச்சுரும்.

சரி, ஆத்திரம் அடங்கட்டும்னு உள்ள எட்டிப் பாத்தா… காலர் இல்ல! ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல நிக்கிற அந்தக் குழாய்த் துண்டை அலங்காரத்துக்குன்னு நெனச்சுட்டாங்க போல. அது இல்லாம ஆக்சில் நட்டை முறுக்கினா ரெண்டு உள் ரேஸும் ஒண்ணையொண்ணு நோக்கி நெருங்கும், பால்ஸ் பக்கவாட்டுல நசுங்கும். முதல் பேரிங்கை அடி வரைக்கும் உக்கார வெச்சு, காலரைப் போட்டு, ரெண்டாவதைக் காலரைத் தொடுற வரைக்கும் மட்டும் இறக்கணும். தொட்டதும் நிறுத்துங்க, அதுக்கு மேல ஒரு அடியும் வேண்டாம்.

கழட்டும்போது நிலைமை வேற. காலரை ஓரமா தள்ளி, பஞ்ச் வெச்சு உள் ரேஸைத்தான் அடிச்சாகணும், வேற பிடி கிடையாது. அதனாலதான் அப்படி வெளிய வந்த பேரிங் குப்பைக்கு. அதைக் கழுவி, கிரீஸ் அப்பி, மறுபடி மாட்டறதுக்குப் பேரு சிக்கனமாம்!

கிரீஸ் மாத்தணும்னா, சத்தமில்லாம சுத்துற பேரிங்கை ஹப்புலயே விட்டுருங்க. வெளிப்பக்க சீலை உள் ரேஸ் பக்கத்து உதட்டுல மெல்லிய ஊசி கொடுத்துத் தூக்கணும். வெளி விளிம்புல ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பினா உள்ள இருக்கிற தகடு வளையும், அப்புறம் அது சீல் இல்ல, தொப்பி. மண்ணெண்ணெய் ஊத்தாதீங்க, அது அடியில இறங்கி வெளிய வர வழியில்லாம நிக்கும். பழசைத் துடைச்சு, லித்தியம் கிரீஸ், கெட்டித்தன்மை என்எல்ஜிஐ 2, விரலால பால்ஸ் இடுக்குல அழுத்துங்க. காலி இடத்துல மூணுல ஒரு பங்கு. பொங்கி வழிய அடைச்சா கிரீஸ் கடைபட்டுச் சூடாகி சீலைத் தள்ளிக்கிட்டு வெளிய வரும். டிரம் பிரேக்னா நேரா ஷூ மேலதான்.

எல்லாம் சொல்லியாச்சு, இந்த கிரீஸ் டப்பாவைத் திறந்து போட்டுட்டுப் போனது யாருய்யா? மேல ஒரு விரல் கனத்துக்கு மணலும் முடியும். மூடி பக்கத்துலயேதான கிடக்கு, கண்ணு தெரியலையா!