தாகத்தை மீறிக் குடிப்பது பாதுகாப்பு அன்று
1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. மிதிவண்டி, 21.1 கி.மீ. ஓட்டம் கொண்ட நடுத்தரத் தூர டிரையத்லானில் முதன்முறை இறங்குவோர், தாகமில்லாவிட்டாலும் இயன்ற அளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கூறப்படும் அறிவுரை ஆபத்தானது. வெளியேறும் நீரைவிட அதிகமாக உட்கொண்டால் இரத்தத்தில் சோடியத்தின் செறிவு குறைந்து, தலைவலி, குமட்டல், மனக்குழப்பம் எனத் தொடங்கி, மூளை வீங்கி வலிப்பு வரை செல்லக்கூடும். நெடுநேரம் களத்தில் இருந்து, குடிப்பதற்கு அதிக வாய்ப்புப் பெறும் மெதுவான புதியவர்களுக்கே இந்த அபாயம் கூடுதல் என்பதால்தான் இதை வலியுறுத்துகிறேன். உப்பு கலந்த விளையாட்டுப் பானமும் அளவு மிஞ்சினால் காப்பாற்றாது, ஏனெனில் அதிலுள்ள சோடியம் இரத்தத்தில் உள்ளதைவிட மிகக் குறைவு. தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். நீண்ட பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், எடை கூடியிருந்தால் குடித்தது மிகை.