விசாரிக்கிறவர்

போன வருஷம் ஜூலை. சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவில், தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ஸ்லோ லோக்கல் நின்றுவிட்டது. மும்பைக்காரர்களுக்கு இதெல்லாம் ஒரு சேதியே கிடையாது. அன்றைக்கு லேடீஸ் டப்பாவில் எனக்கு மட்டும் நெஞ்சு அடித்துக்கொண்டது, விரல் நுனி மரத்துப்போனது, இழுத்த மூச்சு உள்ளே போக மறுத்தது. சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். யாரோ ஒரு மராத்திக்கார அக்கா தன் சீட்டைக் கொடுத்து, முந்தானையால் விசிறிவிட்டார். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. 'பேனிக் அட்டாக்' என்றார் டாக்டர்.

நான் தாராவியில் வளர்ந்த திருநெல்வேலி சி.எஸ்.ஐ. வீட்டுப் பெண். எங்களுக்கு எது வந்தாலும் முதலில் ஜெபக்குறிப்பு, அப்புறம்தான் டாக்டர். வீட்டுக்கூட்டத்தில் சொன்னேன். 'விசுவாசம் குறையிற இடத்துலதான்மா பயம் நுழையும்' என்றார் ஒரு அக்கா. நல்ல மனுஷிதான், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மூன்று நாள் உபவாசம் இருந்தேன். வெறும் வயிற்றில் படபடப்பு இரண்டு மடங்கு ஆனதுதான் மிச்சம். 'நீங்கள் ஒன்றுக்குங்கவலைப்படாமல்' என்ற வேதாகமத்தின் பிலிப்பியர் வசனம் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். இப்போது அதைச் சொன்னாலே, கவலைப்படுகிறோமே என்று புதிதாக ஒரு கவலை. ஆறு மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஞாயிறு ஆராதனைக்குப் போய், சிரித்து, ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வந்தேன்.

விசுவாசம் குறைந்தவர்களுக்குத்தான் இது வரும் என்றால் எலியா தீர்க்கதரிசியை எங்கே வைப்பது? கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கியவர், அடுத்த அதிகாரத்திலேயே யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, 'போதும் கர்த்தாவே' என்று சாவு கேட்கிறார். அவருக்கு யாரும் பிரசங்கம் பண்ணவில்லை. தூதன் தட்டியெழுப்பி, 'எழுந்திருந்து போஜனம்பண்ணு' என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டுத் திரும்பப் படுக்கிறார். அதற்கும் திட்டு இல்லை. மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு, 'நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்' என்று. கெத்செமனேயில் இயேசுவே 'என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது' என்கிறார். அவருக்கா விசுவாசக் குறைவு? பிலிப்பியரை எழுதிய பவுலும் அப்போது காவலில் கட்டுண்டு கிடந்தவர். தேவசமாதானம் உங்களைக் 'காத்துக்கொள்ளும்' என்று அவர் எழுதிய கிரேக்கச் சொல், படைவீரர்கள் நின்று காவல் காப்பதற்கான சொல். வெளியே ஆபத்தே இல்லாத இடத்தில் காவல்காரனுக்கு என்ன வேலை?

என்னைப் பிடித்துக்கொண்டது இன்னொரு வசனம். 'அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்' என்கிறது 1 பேதுரு 5:7. எங்கள் ஆச்சி ஊரிலிருந்து போன் பண்ணினால் கடைசியில் 'எல்லாரையும் விசாரிச்சேன்னு சொல்லு' என்பாள். கவலைக்கும் நம் வேதாகமத்தில் 'விசாரம்' என்றே பேர் உண்டு: 'என் உள்ளத்தில் விசாரங்கள் பெருகுகையில், உம்முடைய ஆறுதல்கள் என் ஆத்துமாவைத் தேற்றுகிறது' (சங்கீதம் 94:19). என் விசாரம் பெருகும்போது என்னை விசாரிக்க ஒருத்தர் இருக்கிறார். தமிழில் படிக்கிறவர்களுக்குக் கிடைக்கிற சலுகை இது. அன்றிலிருந்து என் ஜெபம், எனக்கு எவ்வளவு விசுவாசம் இருக்கிறது என்று காட்டும் பரீட்சையாக இல்லாமல் போனது. 'இன்னைக்கு ரொம்ப பயமா இருக்கு ஆண்டவரே.' அவ்வளவுதான். சில நாள் அதற்குமேல் வார்த்தை வராது.

மனநல டாக்டரிடமும் போனேன். மாத்திரை வேலை செய்ய நாலைந்து வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். மூச்சை நிதானமாக வெளியே விடப் பழக்கினார்கள். நான் அந்த சங்கீதத்தை வெளிமூச்சில் வைத்துக்கொண்டேன். 'அப்போ இயேசுவா, மாத்திரையா?' என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. விசுவாசம் குறைவு என்று சொன்ன அக்காவே சுகர் மாத்திரை போட்டுக்கொண்டுதான் ஜெபிக்க வருகிறார். அவரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஒரே ஜெபத்தில் விடுதலை கிடைத்தது என்று சாட்சி சொல்கிறவர்களை நான் பொய்யர்கள் என்று சொல்ல வரவில்லை. எனக்கு அப்படி நடக்கவில்லை, அவ்வளவே. டாக்டரைத் தேடிப் போகத் தயங்குகிறவர்கள் 14416-க்குக் கூப்பிடலாம். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய மனநலத் தொலைபேசி உதவி டெலி மானஸ், இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

போன வாரம் அதே இடத்தில் வண்டி மறுபடி நின்றது. உள்ளங்கை வேர்த்தது. கண்ணை மூடி, 'விசாரங்கள் பெருகுகையில்...' என்று மெதுவாக மூச்சு விட்டேன். படபடப்பு வந்தது, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது, இறங்கிப் போனது. கண் திறந்தால் எதிர் சீட்டுப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'தபியத் டீக் ஹை?' என்று விசாரித்தாள்.