ஒரு பேஸ் கிடாரை ஒழுங்காக செட் பண்ணி விற்க உங்களுக்கு என்னய்யா கேடு?

சென்னையில் பேஸ் கிடார், அதாவது பாட்டுக்கு அடியில் கனமாக உறுமும், பெரும்பாலும் நாலே கம்பி உள்ள கிடார், வாங்க நினைப்பவன் முதலில் கழுத்து வலிக்கு ஒரு தைலம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கடைக்குள் நுழைந்தால் கை எட்டும் தூரத்தில் சுவர் முழுக்கக் கிடார். உகுலேலேவுக்குக்கூடத் தனி ஸ்டாண்ட். "பேஸ் இருக்கா?" என்று கேட்டால் கடைப் பையன் அண்ணாந்து பார்ப்பான். கூரையை ஒட்டி இரண்டு தொங்கும். ஏணி கோடவுனில் இருக்கும். கோடவுன் சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருப்பார்.

ராஜா பாட்டில் பேஸ் தனியாக ஒரு கதை சொல்லும் என்று இயர்போனை மாட்டிக்கொண்டு தலையாட்டாத ஆள் இங்கே கிடையாது. கீத் பீட்டர்ஸ் போன்ற பேஸ் கலைஞர்கள் வருஷக்கணக்காக வாசித்த ஊர் இது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சர்ச்சுக்குச் சர்ச் ஒரு பையன் பேஸோடு நிற்கிறான். அப்படியும் கடைக்காரர்களுக்கு பேஸ் என்றால் இலை ஓரத்து ஊறுகாய்தான்.

சரி, ஏணி வந்தது, பேஸ் இறங்கியது என்றே வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரிங்கில் விரலை வைத்து இழுத்தால் விரல் நுனி பழுப்பாகும். துரு. அந்தக் கருவியைக் கொண்டுபோய் எதில் சொருகுகிறார்கள் தெரியுமா? பத்து வாட்ஸ் கிடார் ஆம்பில், அதாவது சத்தத்தைப் பெருக்கும் பெட்டியில். முந்தைய ஆள் ராக் வாசித்துவிட்டு ஏற்றி வைத்த, சத்தத்தைக் கரகரக்க வைக்கும் கெயின் அப்படியே இருக்கும். பேஸின் தடித்த இ ஸ்ட்ரிங் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஆறு அங்குல ஸ்பீக்கர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. நமக்குக் கேட்பது மேலே இருக்கும் கிளைச் சுரங்களான ஹார்மோனிக்ஸும், கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங் மோதும் சத்தமும் மட்டும்தான். முகத்தைச் சுளித்தால், "பேஸ் அப்படித்தான் சார், பேண்டோட வாசிச்சாத்தான் தெரியும்" என்று ஆறுதல் வேறு. ரெண்டடி தள்ளி அட்டைப்பெட்டிக்குள் ஒரு பேஸ் ஆம்ப் உட்கார்ந்திருக்கும். அதைத் தொடக்கூடாது. "அது டெமோ பீஸ் இல்ல சார்."

முப்பதாயிரம் ரூபாய் சாமானைக் காதால் கேட்காமலே வாங்க வேண்டும். புடவைக் கடையில் பத்தாயிரம் ரூபாய்ப் பட்டை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் காட்டுகிறார்கள்.

அப்புறம் இந்த ஆக்டிவ் பேஸ் கூத்து. பெரும்பாலான ஆக்டிவ் பேஸில் கேபிளைச் சொருகினாலே உள்ளே இருக்கும் ப்ரீஆம்ப் என்ற சின்ன ஆம்புக்கு கரண்ட் ஓட ஆரம்பித்துவிடும். ஒன்பது வோல்ட் பேட்டரி. வாசிக்காவிட்டாலும், கேபிள் சொருகியே இருந்தால் அது கரைந்துகொண்டே இருக்கும். கடையில் என்ன செய்வார்கள்? அழகாகக் கேபிளைச் சொருகி ஸ்டாண்டில் நிறுத்தி வைப்பார்கள். நாம் போய் வாசிக்கும்போது சத்தம் ஈனஸ்வரத்தில் கரகரக்கும். நான் சொன்னேன், "பேட்டரி போயிருக்கும், மாத்திப் பாருங்க." அந்த ஆள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கிடாருக்கு ஏது சார் பேட்டரி?" என்றார். பின்பக்கம் பேட்டரிக்கென்று தனி மூடியே இருக்கிறது. விற்கிறவருக்கே தெரியவில்லை.

ஆனால் வாய் மட்டும் குறையாது. முதன்முதலாக பேஸ் வாங்க வரும் பையனிடம், "நாலு ஸ்ட்ரிங் எதுக்கு தம்பி, அஞ்சு எடுத்துக்கோ, நாளைக்கு மாத்த வேண்டாம் பாரு" என்பார். ஐந்தாவது ஸ்ட்ரிங்கின் பி சுமார் 31 ஹெர்ட்ஸ். பாடகர் சுருதிக்காக டி, இ ஃப்ளாட் என்று இறங்க வேண்டியிருக்கும் மெல்லிசைக் குழுவுக்கு அது கட்டாயம் தேவை, நான் மறுக்கவில்லை. இன்னும் இ ஸ்ட்ரிங்கையே அதிராமல் அடக்கி மியூட் பண்ணத் தெரியாத பிள்ளைக்கு, அகலமான நெக்கும் சும்மா கிடந்தாலே கூடச் சேர்ந்து உறுமும் ஒரு தடிக் கம்பியும் எதற்கு? விலை எட்டாயிரம் கூடுதல், அதற்குத்தான்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என் வயிறு எரிவது செட்டப், அதாவது கருவியை வாசிக்கத் தோதாக ஒழுங்குபடுத்துகிற விஷயத்தில்தான்.

தொழிற்சாலையில் இருந்து பெட்டியில் அடைத்து, கப்பலில் வெந்து, சென்னைத் துறைமுகத்தில் புழுங்கி, கடை ஏசியில் காய்ந்து வருகிற மரம் அது. நாலு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் நெக்கை இழுத்துக்கொண்டிருக்கின்றன. நெக் வளையாமல் என்ன செய்யும்? அதைச் சரிபண்ணத்தான் உள்ளே ட்ரஸ் ராட் என்று ஓர் இரும்புக் கம்பியை வைத்திருக்கிறார்கள். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால் நடுவில், ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கத்தில், ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் ஆலன் கீ என்ற சின்னச் சாவியால் கால் சுற்று, பொறுத்திருந்து பார்த்து இன்னொரு கால் சுற்று. ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை.

எங்கள் சர்ச்சில் ப்ளஸ் டூ முடித்த ஒரு பையன், வீட்டில் நச்சரித்து ஒரு பேஸ் வாங்கி வந்தான். இந்தோனேசியாவில் செய்தது, நல்ல கருவி, குறை சொல்ல முடியாது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங் நாலு மில்லிமீட்டருக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டு, இரண்டரை இருந்தால் சுகமாக வாசிக்கலாம். கழுத்தின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் நட்டில் பள்ளம் சரியாக இறக்கவில்லை. சும்மா அடித்தால் இ கச்சிதம். முதல் ஃப்ரெட்டை அழுத்தி எஃப் அடித்தால் ட்யூனர் முள் வலது பக்கம் ஓடியது. அழுத்துகிற தூரம் அதிகமானால் கம்பி இழுபட்டு சுருதி ஏறாமல் என்ன செய்யும்? பையன் என்ன நினைத்தான் தெரியுமா? தனக்குக் காது சரியில்லை என்று. விரல் நுனியெல்லாம் கொப்புளம். "அண்ணா, எனக்கு பேஸ் வராது போல" என்று கண் கலங்கி நின்றான்.

அவனைக் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனோம். அவர்கள் சொன்ன பதிலைக் கேளுங்கள். "அது கம்பெனி செட்டிங் சார். நாங்க கை வச்சா வாரண்டி போயிடும்." கம்பெனி ஆலன் கீயைப் பெட்டியிலேயே போட்டுக் கொடுத்திருக்கிறான், எதற்கு, காது குடையவா? அந்தக் கீயும் பையன் கைக்கு வரவில்லை என்பது தனிக் கதை. தேடித் தருகிறோம் என்றார்கள், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் முதலாளி போலத் தெரிந்த ஒருவர் வந்து, "ஸ்டார்டிங் மாடல்னா கொஞ்சம் ஹார்டாத்தான் இருக்கும் தம்பி. ஆறு மாசம் வாசி, அப்புறம் எக்ஸ்சேஞ்சுல மேல் மாடலுக்குப் போயிடலாம்" என்றார். அரை மணி நேர வேலையைச் செய்ய மாட்டார்களாம். நாற்பதாயிரம் ரூபாய்க்கு இன்னொன்றைத் தலையில் கட்டுவார்களாம்.

கடைதான் இப்படி என்றால், சீனியர்கள் தொல்லை அதைவிடப் பெரிது. "சவுண்டு நல்லா இல்லை" என்று வாயைத் திறந்தால் போதும், பிக்கப்பை (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தம்) மாத்து, பிரிட்ஜை (கம்பியை அடிப்பக்கம் தாங்கும் தகடு) மாத்து, மரம் சரியில்லை. ஆக்ஷன் என்ன, அதாவது கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, ஸ்ட்ரிங் மாற்றி எத்தனை நாள் ஆச்சு என்று ஒருத்தன் கேட்க மாட்டான். அமெரிக்காவில் கிடார் செய்த லியோ ஃபெண்டர் 1951-ல் ப்ரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். 1957-ல் அதற்கு இரண்டு துண்டுப் பிக்கப் வந்தது. ஒரு வால்யூம், ஒரு டோன், 34 அங்குல ஸ்கேல். இன்றைக்கும் அதே கதைதான். அமெரிக்காவின் மோடவுன் இசை நிறுவனப் பாடல்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது அப்படி ஒரு 1962 ப்ரிசிஷனில். வழவழவென்று தட்டையாகச் சுற்றிய ஃப்ளாட்வூண்ட் ஸ்ட்ரிங், அதையும் அவர் லேசில் மாற்ற மாட்டார். வலது கையில் ஒற்றை ஆள்காட்டி விரல். அவரிடம் போய் கனமான ஹை மாஸ் பிரிட்ஜ் போடச் சொல்வார்களா இவர்கள்?

பிக்கப் மாற்றுவது தப்பு என்று சொல்லவில்லை. மாற்றினால் சத்தம் மாறும், அது உண்மை. ஆனால் அந்த வேலை ஒரு பாக்கெட்டைப் பிரித்து மாட்டுகிற வேலை இல்லை. இரண்டு பிக்கப் உள்ள ஜாஸ் பேஸ் என்ற மாடலுக்கான பிக்கப் ஜோடியில் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் பொதுவாகச் சில மில்லிமீட்டர் நீளம். விலை குறைந்த சில மாடல்களில் இரண்டுமே ஒரே நீளம். வாங்கி வந்த பிறகுதான் உள்ளே இறங்காது என்று தெரியும். மரத்தைக் குடைய வேண்டும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கக் குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டை மாற்றலாம் என்று போனால் அமெரிக்க பொட்டின் கழுத்து தடிமன், நம் பேஸின் தகட்டில் ஓட்டை சின்னது. ஓட்டையைப் பெரிதாக்கி மாட்டினால், பழைய குமிழ் புதுத் தண்டில் ஏறாது, பல் எண்ணிக்கை வேறு. நூறு ரூபாய் குமிழுக்காக மறுபடி ஆர்டர், மறுபடி டெலிவரி சார்ஜ்.

எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பெரியவரிடம் 250 கே (கிலோ ஓம்) பொட் கேட்டேன். "220 இருக்கு, போடு" என்றார். 250 தான் வேணும் என்றேன். "அது மேலே கீழே இருபது பர்சன்ட் ஓடும் தம்பி, நீ 250-னு வாங்குறது 210-ஆகூட இருக்கும்" என்று மீட்டரை எடுத்துக் காட்டினார். இத்தனை வருஷத்தில் என்னிடம் பேஸைப் பற்றி உருப்படியாகப் பேசிய வியாபாரி அவர் ஒருத்தர்தான். அவர் கிடாரே விற்கவில்லை.

விலையைப் பற்றிப் பேசினால் பொழுது விடிந்துவிடும். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது இசைக்கருவிக்கு 28 சதவீதம் போட்டார்கள். அதே வருஷம் நவம்பரில் 18-க்கு இறக்கினார்கள், மகாராசன்கள். வெளிநாட்டில் இருந்து தருவித்தால் சுங்கவரி தனி. ஒரு செட் நல்ல ஸ்ட்ரிங் இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. கிடார்க்காரன் ஐந்நூறு அறுநூறில் ஆறு கம்பியை மாற்றிவிட்டுப் போகிறான். ஃப்ளாட்வூண்ட் கேட்டால் "ஆர்டர் போட்டாத்தான் வரும் சார்". எப்போ வரும்? "வந்ததும் சொல்றோம்."

இதில் விரல் அழுத்தும் ஃப்ரெட்போர்டு மரத்தை வைத்து ஒரு பந்தா. நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரம்தான் உலகம் முழுக்கப் பல கிடார்களுக்கு ரோஸ்வுட்டாகப் போய்க்கொண்டிருந்தது. 2017 ஜனவரியில் ரோஸ்வுட்டின் சர்வதேச வர்த்தகத்துக்குக் கட்டுப்பாடு வந்ததும் பல கம்பெனிகள் வேறு மரத்துக்குத் தாவின. 2019 கடைசியில் இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தும் பலர் திரும்பவில்லை. அப்படி வந்ததில் ஒன்று இந்தியன் லாரல். அது நம் கருமருது. "லாரல்னா லோக்கல் சரக்கு சார், ரோஸ்வுட் மாடல் எடுங்க" என்கிறார் கடைக்காரர். ரெண்டும் இந்த மண்ணில் வளர்வது என்று சொன்னால் நம்புவாரா?

வேண்டாம் சாமி என்று செகண்ட் ஹேண்ட் பக்கம் போனால் அது இன்னொரு நரகம். பாடியைப் பத்துக் கோணத்தில் படம் எடுத்துப் போட்டிருப்பான். நெக்கைப் பக்கவாட்டில் ஒரு படம் கேட்டால் கோபம் வரும். "பிக்கப் அப்கிரேட் பண்ணது ப்ரோ" என்று புது விலைக்கு மேல் ஏற்றிச் சொல்வான், பழைய பிக்கப் எங்கே என்றால் தொலைந்துவிட்டது. நாம் விற்கப் போட்டாலோ, "லாஸ்ட் ப்ரைஸ்?" என்று ஒற்றைச் சொல். வணக்கம் கிடையாது. அடுத்தவன், "கீபோர்டு இருக்கு, மாத்திக்கலாமா?" அதற்கடுத்தவன், "இது லீட் கிடார் தானே?" நாலு கம்பியைப் படத்தில் எண்ணிக்கூடப் பார்க்க மாட்டானா மனுஷன்!

அந்த சர்ச் பையனின் பேஸை ஃப்ரெட் வேலை தெரிந்த ஓர் அண்ணனிடம் கொண்டுபோனோம். நட்டை அரத்தால் ராவி இறக்கி, ட்ரஸ் ராடைத் திருகி, பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலை நகர்த்திப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி பார்த்து, புது ஸ்ட்ரிங் போட்டுக் கொடுத்தார். அவர் வாங்கிய கூலி ஸ்ட்ரிங் விலையைவிடக் குறைவு. பையன் இப்போது மூன்று ஆராதனைக்கும் வாசிக்கிறான், கையில் கொப்புளம் இல்லை. போன வாரம் எவனோ ஒரு புண்ணியவான் அவனிடம், "இது பிகினர் பீஸ்டா, வித்துட்டு அஞ்சு ஸ்ட்ரிங் ஆக்டிவுக்குப் போ" என்று சொல்லியிருக்கிறான். பையன் இப்போது அப்பாவிடம் நாற்பதாயிரம் கேட்டு நிற்கிறான்.

யாருய்யா அது? வந்து அந்த அப்பாவிடம் நீயே பேசு.